பலரகக் கோழிகள் பெருகும்போது: அறிகுறி பார்த்துச் சிக்கலைத் தீர்க்கும் வழி

ஒரே ரகத்தை ஒரே வயதில் வாங்கி வளர்ப்பவருக்கு வேலை எளிது. எல்லாக் கோழிகளும் ஒரே தீவனத்தைத் தின்னும். ஏறத்தாழ ஒரே காலத்தில் முட்டையிடத் தொடங்கும். ஒரே பருவத்தில் இறகு உதிர்க்கும். புறக்கடையில் பல ரகங்கள் கலந்து, அவை குஞ்சு பொரித்துப் பெருகிய கூட்டத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது. முக்கால் கிலோகூடத் தேறாத குள்ளக் கோழியும் நான்கு கிலோ பிரம்மாவும் ஒரே தட்டில் தின்கின்றன. ஆறு வாரக் குஞ்சும் மூன்று வயதுப் பெட்டையும் ஒரே தண்ணீரைக் குடிக்கின்றன.

இத்தகைய கூட்டத்தில் நோய் போலத் தெரிபவற்றில் பல, இடநெருக்கடி, பொருந்தாத தீவனம், கொத்து வரிசைக் (எது எதை அடக்குகிறது என்ற படிநிலை) குழப்பம் ஆகியவற்றால் வருபவை. உண்மையான நோயோ, கூட்டத்தை மொத்தமாகப் பார்க்கும் கண்ணுக்குத் தப்பி ஏதோ ஒரு மூலையில் ஒரு கோழியிடம் தொடங்கிவிடுகிறது. எனவே மருந்தைத் தேடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அறிகுறி ஒரு கோழிக்கா, பலவற்றுக்கா? அவை எந்த வயது, எந்த ரகம்? கடந்த ஒரு மாதத்தில் கூட்டில் எது மாறியது: புதுக் கோழியா, தீவனமா, வானிலையா, எண்ணிக்கையா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் கீழே உள்ள பகுதிகளில் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

எல்லாச் சோதனைக்கும் அடிப்படை இதுதான். இருட்டிய பிறகு, கோழிகள் கம்பில் அடைந்ததும், மங்கலான டார்ச் விளக்குடன் உள்ளே போங்கள். பகலில் துரத்தினாலும் பிடிபடாத கோழி அப்போது சத்தமின்றிக் கைக்கு வரும். முதலில் மார்பின் நடுவே உள்ள நெஞ்செலும்பைத் தடவுங்கள். இருபுறமும் சதை நிறைந்து எலும்பு மழுங்கலாகத் தெரிந்தால் உடல் நன்றாக இருக்கிறது. கத்தி முனைபோல் எலும்பு கையில் உறைத்தால், வெளியே இறகு எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் கோழி இளைத்துவிட்டது. கொச்சின், சில்கி போன்ற அடர்ந்த இறகுள்ள ரகங்களில் இளைப்பு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கை மட்டுமே சொல்லும்.

அடுத்தது கழுத்தின் அடியில் உள்ள இரைப்பை. மாலையில் அது நிறைந்திருக்க வேண்டும். மறுநாள் காலை தீவனம் வைக்கும் முன் காலியாகியிருக்க வேண்டும். பிறகு வாலுக்குக் கீழே இறகை விலக்கிப் பாருங்கள்: எச்சம் ஒட்டியிருக்கிறதா, பேன் ஓடுகிறதா, இறகின் அடியில் வெள்ளைப் பொருக்காக ஈர் படிந்திருக்கிறதா என்று. இறக்கையின் அடியையும் உள்ளங்காலையும் பார்த்துவிட்டு இறக்கிவிடலாம். கால்களில் வண்ண வளையம் மாட்டி, எந்த நிறம் எந்தக் கோழி என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது கலப்புக் கூட்டத்துக்கு மிக அவசியம். இரண்டாம் தலைமுறையில் பழுப்புப் பெட்டைகள் எல்லாம் ஒரே சாயலாகிவிடும். எது எப்போது இளைத்தது என்று நினைவில் நிற்காது.

முட்டை குறைந்துவிட்டது

திறந்துவிட்டு வளர்க்கும் கோழிகள் என்றால், முட்டை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே இட்டுவிடும். மூன்று நான்கு நாள் நண்பகல் வரை அடைத்து வைத்துப் பிறகு திறந்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும். நான்கு ஐந்து பெட்டைகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி வேண்டும். கூட்டம் பெருகியும் பெட்டி பழைய எண்ணிக்கையிலேயே இருந்தால், வரிசையில் கீழே இருக்கும் பெட்டைகள் புதருக்குள் போய்விடும்.

எந்தக் கோழி இடுகிறது என்பதைக் கையாலேயே அறியலாம். வாலுக்குக் கீழே இரு பக்கமும் இடுப்பெலும்பின் முனைகள் தென்படும். முட்டையிடும் பெட்டைக்கு அவற்றின் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழையும். எச்சத் துளை அகன்று ஈரமாக இருக்கும். கொண்டை சிவந்து தடித்திருக்கும். ஒரு விரல்கூட நுழையாமல், துளை சுருங்கி உலர்ந்திருந்தால் அது இப்போது இடவில்லை. கூட்டம் முழுவதையும் ஓர் இரவில் இப்படிப் பார்த்துவிட்டால், யாரையும் வீணாகக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இடாத கோழிகளின் இறகுகள் கூண்டில் பறந்தால் அது இறகு உதிர்ப்பு. பகல் குறுகும் பருவத்தில், பெரும்பாலும் ஒன்றரை வயதைத் தொடும் கோழிகளில் தொடங்கும். தலை, கழுத்தில் தொடங்கி முதுகு வழியாக வால்வரை இறங்கும். முடிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். இறகில் சுமார் 85 சதவீதம் புரதம். முட்டைக்கும் இறகுக்கும் சேர்த்து உடல் ஈடுகொடுக்காது என்பதால்தான் முட்டை நிற்கிறது. இந்தக் காலத்தில் புரதம் கூடுதலான தீவனம் கொடுங்கள். முளைக்கும் இறகுக் குருத்தில் இரத்தம் ஓடுவதால் தேவையின்றிக் கையில் எடுக்காதீர்கள்.

முட்டைச் சுழற்சிக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. விளக்கு போட்டு நீட்டிப்பதானால் விடியலுக்கு முன் போடுவது நல்லது. மாலையில் திடீரென அணைத்தால் கம்பு ஏறாத கோழிகள் இருட்டில் தவிக்கும். ஆனால் அதே கூட்டில் வளரும் விடைக்கோழிகள் (இன்னும் இடத் தொடங்காத இளம் பெட்டைகள்) இருந்தால் விளக்கைத் தவிருங்கள். உடல் முற்றும் முன்பே முட்டைக்குத் தூண்டப்பட்டால் கருக்குழாய் வெளித்தள்ளும் ஆபத்து அதிகம்.

கடைசியாக, ரகம். லெகார்ன் ஆண்டுக்கு 250-க்கு மேல் இடக்கூடியது. சில்கி 100 அல்லது அதற்குச் சற்று மேல் இட்டாலே நிறைவு. சில்கியையும் கொச்சினையும் லெகார்னோடு ஒப்பிட்டுக் குறைபட்டுக்கொள்வது நியாயமில்லை. அவை அடைக்கு உட்காரும் ரகங்கள். குஞ்சு வேண்டாத நேரத்தில் ஒன்று உட்கார்ந்துவிட்டால், அடிப்பக்கம் கம்பிவலை உள்ள கூண்டில், தரையிலிருந்து உயர்த்தி, வைக்கோல் எதுவும் போடாமல், நல்ல வெளிச்சத்தில், தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டதும் அடைநினைப்பு தணியும். தண்ணீரில் முக்கி எடுப்பது கொடுமை. அதற்குத் தேவையும் இல்லை.

தோல்முட்டை, மெல்லிய ஓடு

இப்போதுதான் இடத் தொடங்கிய விடைக்கோழியின் முதல் சில முட்டைகள் என்றால் விட்டுவிடுங்கள், தானே சரியாகும். பல கோழிகளுக்குத் தொடர்ந்து வந்தால் தீவனத்தைப் பாருங்கள்.

கலப்பு வயதுக் கூட்டத்தின் பெரிய முடிச்சு இங்கேதான் இருக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். அதை வளரும் குஞ்சுகள் வாரக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெடும். குஞ்சுத் தீவனத்தில் ஒரு சதவீதம்தான். அதை மட்டும் தின்னும் பெட்டை தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும். இரண்டு தட்டு வைத்துக் காவல் காக்க யாராலும் முடியாது. நான் நம்பும் வழி, எல்லோருக்கும் 16 முதல் 18 சதவீதம் புரதமுள்ள வளர்கோழித் தீவனம் வைத்து, உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது. இடும் பெட்டைகள் தேவைக்கேற்ப அதைத் தேடிப் போகும். சேவலும் குஞ்சும் பெரும்பாலும் சீண்டாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்குக் கூடுதல் புரதமுள்ள குஞ்சுத் தீவனத்தை, பெரிய கோழி நுழைய முடியாத சந்து வைத்த தடுப்புக்குள் தனியாக வைக்கலாம்.

கிளிஞ்சல் தூளாக இல்லாமல் துண்டாக இருப்பதில் பலன் உண்டு. ஒரு முட்டை உருவாக ஆகும் 24 முதல் 26 மணி நேரத்தில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு படிவதிலேயே கழிகிறது. அதில் பெரும்பகுதி கோழி தூங்கும் இரவு. மாலையில் தின்ற துண்டு மெதுவாகக் கரைந்து இரவெல்லாம் கால்சியம் தரும். தூள் அதற்குள் கடந்து போய்விடும்.

கோடையில் மட்டும் ஓடு மெலிந்தால் காரணம் மூச்சிரைப்பு. கோழிக்கு வியர்வை கிடையாது; வாயைத் திறந்து இரைத்தே சூட்டை வெளியேற்றுகிறது. அப்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைகிறது. கிளிஞ்சலைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. நிழல், காற்றோட்டம், குளிர்ந்த தண்ணீர் மூன்றும்தான் மருந்து. உடல் பெருத்த, இறகடர்ந்த ரகங்களுக்கு முதலில் இடம் கொடுங்கள். கழுத்தில் இறகற்ற ரகத்தின் வாரிசுகள் அதே வெயிலில் நிம்மதியாக உலவுவதைப் பார்க்கலாம். அந்த மரபணு உடல் இறகையே குறைக்கிறது, வெளிப்படையாக நிற்கும் பண்பு என்பதால் முதல் கலப்பிலேயே குஞ்சுகளில் தெரியும்.

ஒரே கோழி மட்டும் சுருக்கம் விழுந்த ஓடாக இடுகிறது என்றால் அது வயது, அல்லது முன்பு வந்த சுவாச நோய் கருக்குழாயில் விட்டுச்சென்ற தழும்பு. மாற்ற முடியாது. ஆனால் மெல்லிய ஓடு உடைந்து, ருசி கண்ட கோழி முட்டை தின்னத் தொடங்கிவிட்டால் கூட்டமே கற்றுக்கொள்ளும். எனவே அடிக்கடி பொறுக்குங்கள், பெட்டியை இருட்டாக்குங்கள், மரமுட்டை ஒன்றிரண்டு போட்டு வையுங்கள்.

இறகு போகிறது, தோல் தெரிகிறது

எந்த இடத்தில் போகிறது என்பதே விடை. முதுகிலும் பிடரியிலும் என்றால் சேவல் மிதிப்பது. அடிவயிற்றில் மட்டும் என்றால் அடைக்கு உட்கார்ந்த பெட்டை தானே பிடுங்கியது. தலை உச்சியில் என்றால், குடுமி உள்ள போலிஷ் போன்ற ரகத்தை மற்றவை கொத்துகின்றன. அந்தக் குடுமி கண்ணை மறைப்பதால் வரும் அடியை அது பார்ப்பதில்லை, தப்பவும் தெரிவதில்லை. கண் தெரியும் அளவுக்குக் குடுமியைக் கத்தரித்துவிட்டால் அதன் நடையே மாறிவிடும். வாலடியிலும் துளையைச் சுற்றியும் போனால் பேனோ கொத்தோ. விலக்கிப் பார்த்தால் தெரியும்.

கொத்து என்றால் இடத்தை அளந்து பாருங்கள். கூட்டுக்குள் கோழிக்கு 4 சதுர அடி, வெளி அடைப்பில் 8 முதல் 10 சதுர அடி, கம்பில் 20 முதல் 25 செ.மீ. நீளம், பெரிய ரகத்துக்கு இன்னும் கொஞ்சம். கூட்டம் இரட்டித்தபோது கூடு இரட்டித்ததா? தீவனத் தட்டும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருந்தால் அதைக் காவல் காக்கும் ஒரு பெட்டை போதும், நான்கு பேர் பட்டினி கிடக்க. இரண்டு மூன்று இடங்களில், ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி வையுங்கள்.

காயம்பட்ட கோழியை உடனே எடுத்துவிடுங்கள். இரத்தச் சிவப்பைக் கண்டால் கோழிகள் நிறுத்துவதில்லை. மணி நேரத்தில் உயிரே போய்விடும். ஆனால் காயமில்லாத நிலையில், அடிவாங்குவதைப் பிரிப்பதைவிட அடிப்பதைப் பிரிப்பதே பயன் தரும். அடாவடிப் பெட்டையை நான்கைந்து நாள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துத் திரும்ப விட்டால், அதற்குள் வரிசை மாறியிருக்கும். புதிதாக வருபவள்போல் அடங்கி நிற்பாள்.

பகலில் பேனே இல்லை, ஆனால் கொண்டை வெளுக்கிறது, கோழிகள் இரவில் கூட்டுக்குள் போகவே தயங்குகின்றன என்றால் சிவப்புச் செள். இது பகலெல்லாம் கம்பின் இடுக்கிலும் ஆணித்துளையிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கோழியைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கம்பின் முனை பொருந்தும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்துத் தேயுங்கள். சிவப்புக் கோடுகள் விழுந்தால் சந்தேகமே வேண்டாம். வெப்பமான நாட்களில் ஒரு வாரத்திலேயே இதன் ஒரு தலைமுறை முடிந்துவிடும். உணவின்றி மாதக்கணக்கில் உயிரோடும் கிடக்கும். ஆகவே மருந்து கோழிக்கு மட்டும் போதாது. கம்புகளைக் கழற்றி, இடுக்குகளைத் துப்புரவாக்கி, கூட்டுக்கு மருந்தடித்து, ஒரு வாரத்தில் மறுபடியும் செய்ய வேண்டும்.

புதுக் கோழிகளை விட்டதும் கலவரம்

கலவரத்தைவிட ஆபத்தானது, புதியவை சுமந்து வரும் நோய். வெளியிலிருந்து வரும் எந்தக் கோழியும் நான்கு வாரம் தள்ளி இருக்க வேண்டும். தண்ணீர், தட்டு, செருப்பு எல்லாம் தனி. சில சளி நோய்களிலிருந்து தேறிய கோழி பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தே காலமெல்லாம் கிருமியைப் பரப்பும் என்பதால், கொடுப்பவரிடம் பழைய நோய்களைக் கேட்டு அறிவதும் முக்கியம்.

அதன் பின் ஒன்றிரண்டு வாரம் கம்பிவலைக்கு இருபுறமும். பார்க்கலாம், தொட முடியாது. கடைசியில் விடும்போது ஒன்றை மட்டும் தனியாக விடாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று சேர்த்து, அகன்ற வெளியில், ஒளிந்துகொள்ள மரப்பலகையோ புதரோ உள்ள இடத்தில் விடுங்கள். முட்டுச்சந்து எதுவும் இருக்கக் கூடாது. கொண்டையைப் பிடித்து ஒரு முறை இழுப்பது, துரத்திவிட்டு நிறுத்துவது எல்லாம் இயல்பே. விழுந்த கோழியின் மேல் ஏறி நின்று விடாமல் கொத்துவதுதான் தலையிட வேண்டிய கட்டம். அசில் போன்ற சண்டை மரபுள்ள பெட்டைகள் அடங்கிப் போகத் தெரியாதவை. அவற்றைச் சில்கியோடு ஒரே கூட்டில் வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தாய்க்கோழி வளர்க்காத குஞ்சுகள் உடலளவில் ஏறத்தாழ நிகராகும்வரை காத்திருக்க வேண்டும்.

சேவல்கள் பெருகிவிட்டன

பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவல்தான். கூட்டம் பெருகுகிறது என்று மகிழும்போதே இதற்கு ஒரு முடிவு கையில் இருக்க வேண்டும். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை என்பது பொது அளவு. அதற்கும் குறைந்தால் பெட்டைகளின் முதுகு கிழியும். கலப்புக் கூட்டத்தில் எண்ணிக்கையை விட எடைதான் எனக்குக் கவலை தருவது. பெரிய ரகச் சேவல் ஒன்று போதும், ஒன்றேகால் கிலோப் பெட்டையின் விலாவை அதன் குதிமுள் கீறிவிட. இறக்கைக்கு அடியில், இறகு மறைக்கும் இடத்தில்தான் அந்தக் காயம் இருக்கும். ஈ மொய்த்துப் புழு வைத்த பிறகே பலர் பார்க்கிறார்கள். முள் முனையை மழுக்குங்கள். சிறிய பெட்டைகளுக்குச் சிறிய சேவலோடு தனி அடைப்பு கொடுங்கள்.

சேவலைச் சீக்கிரம் அறிய, ஆறாவது வாரத்தில் கொண்டையின் சிவப்பைப் பாருங்கள். ஆனால் ரகத்துக்கு ரகம் இது ஏமாற்றும். மூன்று மாத வாக்கில் இடுப்பில் இறங்கும் இறகுகளின் முனை கூராக, பளபளப்பாக இருந்தால் சேவல் உறுதி; பெட்டைக்கு அது உருண்டையாக முடியும். குஞ்சு பொரித்த நாளிலேயே அறிய ஒரு வழி உண்டு. பிளைமவுத் ராக் போன்ற வரியிறகுப் பெட்டையை வரியில்லாத கறுப்பு அல்லது சிவப்புச் சேவலோடு சேர்த்தால், சேவல் குஞ்சுகளின் தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும், பெட்டைகளுக்கு இருக்காது. தாய் தன் வரி மரபணுவை மகன்களுக்கு மட்டுமே கொடுப்பதுதான் காரணம். சேவல் வரியுள்ளதாகவும் பெட்டை இல்லாததாகவும் மாற்றிப் போட்டாலோ, இந்தக் குஞ்சுகளை மீண்டும் தமக்குள் சேர்த்தாலோ இந்த அடையாளம் உதவாது.

மிகுந்த சேவல்களைப் பெட்டைகளின் பார்வைக்கு அப்பால் ஒன்றாக வைத்தால், ஒன்றாக வளர்ந்தவை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். மனிதரைத் தாக்கும் சேவலிடமிருந்து குஞ்சு எடுக்காதீர்கள். அந்தக் குணம் இறங்கும்.

குஞ்சுகள் சோர்ந்து நிற்கின்றன

முதலில் அவை நிற்கும் இடத்தைப் பாருங்கள். விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூவினால் குளிர். விளக்கிலிருந்து விலகி வாய் திறந்து இரைத்தால் சூடு. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று அடிக்கிறது. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரம் 3 டிகிரி குறைத்து வரலாம்.

மூன்று முதல் எட்டு வார வயதில் இறகு சிலிர்த்து, தலை உள்ளிழுத்து, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது இரத்தக் கழிச்சல். எய்மீரியா என்ற ஒட்டுண்ணியின் வேலை. எச்சத்தில் வெளிவரும் அதன் முட்டைகள், ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாளில் நோய் தரும் நிலையை அடையும். தண்ணீர்க் குவளையைச் சுற்றியுள்ள நனைந்த கூளமே இதன் வாசல். ஆம்புரோலியம் என்ற மருந்து தண்ணீரில் கலந்து கொடுக்கப்படுகிறது. அளவுக்குக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். அது வைட்டமின் பி1-ஐப் போல நடித்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் மருந்து என்பதால், அந்த நாட்களில் வைட்டமின் டானிக் சேர்த்துக் கொடுத்தால் பலன் கெடும். இரத்தம் வெளிப்படும் முன்பே சில குஞ்சுகள் இறக்கலாம். எனவே எச்சம் தெளிவாக இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். பெரிய கோழிகள் எதிர்ப்புச் சக்தியோடு அதே கிருமியைச் சுமந்து திரிவதால், குஞ்சுகளின் தரை எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும்.

மூக்கொழுகல், முகவீக்கம், இரைச்சல்

கூட்டுக்குள் குனிந்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். அமோனியா நெடி கண்ணில் உறைத்தால் அதுவே பாதிக் காரணம். கூளத்தை மாற்றி, கோழியின் மேல் நேரே படாதபடி கூரையோரம் காற்று வழி திறந்துவிடுங்கள்.

நெடி இல்லாமல் முகம் வீங்கி, மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி வந்தால் தொற்றுச் சளி. கண்ணோரம் நுரை கட்டினால் மைக்கோபிளாஸ்மா. இரண்டுக்கும் மருத்துவர் தரும் மருந்து அறிகுறியை அடக்கும், ஆனால் கிருமி உள்ளேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட கூட்டத்திலிருந்து கோழியையோ அடைமுட்டையையோ பிறருக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் நேர்மை. கொண்டையிலும் முகத்திலும் கறுத்த பொருக்குகள் என்றால் அம்மை. கொசு பரப்புவது, தடுப்பூசி உண்டு. வாய்க்குள் மஞ்சள் படலமாக வந்தால் மூச்சடைக்கும். ஆண்டிபயாடிக் கொடுத்த கோழியின் முட்டையை, மருத்துவர் சொல்லும் நாள் கழியும்வரை உண்ணக் கூடாது.

நொண்டுகிறது, உட்கார்ந்தே இருக்கிறது

காலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்காலில் கறுத்த பொருக்கோடு வீக்கம் இருந்தால், உயரமான கம்பிலிருந்து கனமான உடல் குதித்ததில் பட்ட புண். பெரிய ரகங்களுக்குக் கம்பை இறக்கி, முனைகளை உருட்டிச் செதுக்கி, கீழே தடித்த கூளம் போடுங்கள். கால் செதில்கள் தூக்கி நின்று வெண்சுண்ணாம்பு படிந்ததுபோல் இருந்தால் செதிலடிச் செள். காலில் இறகுள்ள ரகங்களில் இதை இறகு மறைத்துவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மென்மையாகத் தேய்த்து, பெட்ரோலியம் ஜெல்லியைச் செதில்களுக்குள் இறங்கும்படி தடவுங்கள். சில நாளுக்கு ஒரு முறை, வாரக்கணக்கில். செதிலைப் பிய்க்காதீர்கள்.

பெட்டை பென்குயின்போல் கால் அகட்டி நின்று, வாலை ஏற்றி இறக்கி முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு மூழ்க 20 நிமிடம் வைத்து, இருட்டான வெதுவெதுப்பான இடத்தில் விடுங்கள். அழுத்திப் பிதுக்கக் கூடாது. சில மணி நேரத்தில் வராவிட்டால் மருத்துவர்தான்.

இரண்டு மாதம் முதல் ஏழெட்டு மாதம்வரையிலான இளங்கோழி ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகக் கிடந்தால் மாரெக் நோயை நினைக்க வேண்டும். அதற்கு மருந்து இல்லை. இறகின் பொடுகு கலந்த தூசியில் வைரஸ் மாதக்கணக்கில் வாழும். பொரித்த நாளில் போடும் தடுப்பூசியே காப்பு. வீட்டில் அடைவைத்துப் பெருக்குபவர்கள் விட்டுவிடும் தடுப்பூசி பெரும்பாலும் இதுதான்.

முட்டை பொரிக்கவில்லை, பொரித்த குஞ்சு வினோதமாக இருக்கிறது

ஏழாம் நாள் இருட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் கூமுட்டை தெளிவாகத் தெரியும். எல்லாமே கூமுட்டை என்றால் சேவலைச் சந்தேகியுங்கள். பின்புற இறகு அடர்ந்த ரகங்களில் இணைசேர்வதே தடைபடும், துளையைச் சுற்றிக் கத்தரித்தால் போதும். கரு தொடங்கிப் பாதியில் இறந்தால், முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்ததோ, வெப்பம் 37.5 டிகிரியிலிருந்து விலகியதோ காரணமாகலாம்.

கலப்பில் மட்டும் வரும் சிக்கல்களும் உண்டு. பிறவியிலேயே கால் குட்டையான இரு கோழிகளைச் சேர்த்தால், குஞ்சுகளில் கால்பங்கு ஓட்டுக்குள்ளேயே இறக்கும். அந்த மரபணு இரட்டையாகச் சேர்ந்தால் உயிர் தங்காது. சுருள் இறகுள்ள இரண்டைச் சேர்த்தால் கால்பங்குக் குஞ்சுகளுக்கு இறகு நொறுங்கி உதிர்ந்து உடல் வெறுமையாகும். இரண்டிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் அந்தப் பண்பு இருக்கும்படி ஜோடி சேருங்கள். ஒரே சேவல் தன் மகள்களோடும் பேத்திகளோடும் தொடர்ந்தால் பொரிப்பு படிப்படியாகக் குறையும். ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை சேவலை மாற்றுவது நல்லது. மாற்றிய அன்றே அடைமுட்டை எடுக்காதீர்கள். பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும்.

திடீர் மரணம்

ஒரு கோழி மட்டும், நல்ல உடலோடு, கம்பின் அடியில் கிடந்தால் வெப்பம், மிகைக் கொழுப்பு படிந்த ஈரல், வயிற்றுக்குள் உடைந்த முட்டை எனப் பல காரணம் இருக்கலாம். இறந்ததைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரட்டைப் பையில் இட்டு, உறைய விடாமல் குளிர வைத்து, கால்நடை நோயறி ஆய்வகத்துக்கு விரைவில் கொண்டுபோனால் காரணம் தெரியும். உறைந்த திசுவில் பார்க்க வேண்டியது சிதைந்துவிடும். பெருகும் கூட்டத்துக்கு இந்த ஒரு பரிசோதனை, பல மாத ஊகத்தைவிட மேல்.

ஒன்றிரண்டு நாளில் பல கோழிகள் விழுந்தால் வேறு கதை. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், முறுக்கிய கழுத்து என்றால் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கேட். கொண்டை நீலம் பாய்ந்து முகம் வீங்கினால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெளிப்பார்வையில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. எதையும் அறுத்துப் பார்க்காதீர்கள். கோழி, முட்டை, எரு எதுவும் வெளியே போகக் கூடாது. யாரும் உள்ளே வரக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, குழந்தைகளை விலக்கி, அன்றைக்கே அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் வந்து மாதிரி எடுக்கும்வரை இறந்தவற்றை மூடிய கலனில், நாயும் காகமும் எட்டாத இடத்தில் வையுங்கள்.